தகரம் இருந்தது, தாள் இல்லை

வணக்கம். ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் வழக்காடுகிறவன் நான். குடியிருப்பது தண்டையார்பேட்டையில். "சார், உயிர் போய்க்கிட்டிருக்கு, இப்பப் போய் சட்டம் பேசுறீங்களே" என்று 2020-இல் கொரோனா நேரத்தில் என்னிடம் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் பேச வேண்டும் என்பது என் கட்சி. நோய் போன பிறகு உரிமை பேச யாருடைய தயவும் வேண்டியதில்லையே.

அந்தக் கோடையில் சென்னையிலேயே தொற்று மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று இராயபுரம் மண்டலம். வீட்டை விட்டு வெளியே வராதே என்ற உத்தரவு அண்ணா நகருக்கும் ஒன்றுதான், காசிமேட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒண்டுக் குடித்தனத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே அறை, வாசலில் பொதுக் குழாய், ஏழெட்டுக் குடும்பத்துக்குச் சேர்த்து ஒரு கழிப்பறை. அங்கே வாசலும் தெருவும் சேர்ந்ததுதான் வீடு. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெண்ணைக் கூட்டம் சேர்த்தாள் என்று விரட்டினால், அவள் தண்ணீருக்கு எங்கே போவாள்?

தொற்று வந்த தெருவின் முனையில் தகரம் அடித்தார்கள். தெருவை அடைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, தேவைப்படலாம். யார் போட்ட உத்தரவு, எத்தனை நாளைக்கு, உள்ளே ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அந்தத் தகரத்திலேயே எழுதி ஒட்டியிருக்கலாம். நான் பார்த்த தெருக்களில் தகரம் இருந்தது, தாள் இல்லை.

இங்கே தொற்று இருக்கிறது என்று வீட்டுக் கதவில் ஒட்டிய நோட்டீஸ் இன்னொரு கதை. நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்காரர் குழாயடிக்கு வந்தால் தெருவே ஒதுங்கும். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவை "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், காய்ச்சல் வந்தால் முகாமுக்கு ஏன் போகப்போகிறார்? மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி மறைத்துக்கொள்வார். உரிமையை மீறியதில் நோய்த் தடுப்பும் சேர்ந்து கெட்டது. உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் இப்படி ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் முதல் அலையே ஓய்ந்திருந்தது.

இந்த அதிகாரமெல்லாம் எங்கிருந்து வந்தது? பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒன்று. இன்னொன்று, பம்பாய் பிளேக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம். அன்று இருந்தவை நான்கே பிரிவுகள். அரசு என்ன நடவடிக்கையும் எடுக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செய்த எதற்கும் அதிகாரி மேல் வழக்கு இல்லை. குடிமகனுக்கு என்ன உண்டு என்று ஒரு வரி கிடையாது. அந்த ஆண்டு பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட, ஜனங்கள் நோயாளிகளையே ஒளித்து வைத்தார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டதில் போய் முடிந்தது. நம் காலத்தில், கடையை அடைக்க நேரமானது என்று ஆரம்பித்த விவகாரம் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் காவலில் பலி வாங்கியது. அது 2020 ஜூன்.

மக்களிடம் தடி எடுத்தால்தான் அடங்குவார்கள் என்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டையைச் சொல்வேன். அந்த பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து அங்கே உட்கார்ந்தவர்கள், தடியடி நடந்தும் கலையவில்லை. இரவு பகலாகப் பெண்கள் இருந்தார்கள். மார்ச்சில் கொரோனா வந்ததும் அவர்களே போராட்டத்தை நிறுத்தி வைத்தார்கள்.

தடுப்பூசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டுக்கொண்டவன் நான், போடச் சொல்கிறவனும்கூட. ஆனாலும் யாரையும் கட்டாயப்படுத்திப் போட முடியாது, பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன நிதானம் எனக்குப் பிடிக்கிறது.

1897 சட்டம் காலத்துக்குப் போதாது என்று 2024-இல் சட்ட ஆணையமே அறிக்கை கொடுத்தது. புதிதாக ஒன்று வருமானால் அதில் எழுத்து வடிவ உத்தரவு, முடியும் தேதி, முறையிட ஓர் அதிகாரி, இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதுவரை, கட்டுப்பாடு போட வருகிறவரிடம் உத்தரவின் நகலைக் கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், முகக்கவசத்தோடு கேளுங்கள். தரவில்லை என்றால் தேதி, நேரம், வந்தவரின் பதவி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு ஏது என்று விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100.