கார்கிவில் மாட்டிக்கொண்ட நாடகக்காரர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூர் நாடகக் குழு ஒன்று வந்தால் நாம் மேடையைத்தான் பார்ப்போம். எனக்கு நெடுநாளாக ஒரு பழக்கம், எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்ப்பது. அவர்களைப் பொறுத்துத்தான் நாடகம் மாறுகிறது என்பது என் கட்சி. இன்று இதையே இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்கோ கலை அரங்கம் 1898இல் தொடங்கிய குழு. நடிகரும் இயக்குநருமான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும், நாடகாசிரியர் நெமிரோவிச் தான்சென்கோவும் சேர்ந்து நடத்தியது. ருஷ்ய எழுத்தாளர் செகாவின் நாடகங்கள் பேர் வாங்கியது இவர்கள் கையில்தான்.

1919ஆம் வருஷம். ருஷ்யாவில் உள்நாட்டுப் போர் நடக்கிறது, மாஸ்கோவில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். குழுவில் ஒரு பகுதியினர் உக்ரேனில் இருக்கும் கார்கிவுக்குப் போய்க் கொஞ்ச நாள் நாடகம் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புகிறார்கள். பெரிய நடிகர் கச்சாலவ் இருக்கிறார். செகாவின் மனைவி ஓல்கா நிப்பெரும் இருக்கிறார். செகாவ் இறந்து அப்போது 15 வருஷம் ஆகிவிட்டது. ஜூனில், போல்ஷெவிக் ஆட்சியை எதிர்த்த தளபதி தெனீக்கினின் வெண்படை கார்கிவைப் பிடித்துக்கொள்கிறது. மாஸ்கோவுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. போனவர்கள் போனவர்கள்தான்!

அவர்கள் கொண்டுபோன நாடகங்களில் ஒன்று ‘செர்ரித் தோட்டம்’. கடனில் மூழ்கிய ஒரு சீமாட்டியின் தோட்டம் ஏலத்துக்கு வருகிறது. அதை வாங்குவது லொப்பாகின் என்ற வியாபாரி. அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசு. முதல் அங்கத்திலேயே அவன், விடியற்காலை ரயிலில் கார்கிவுக்குப் போகணும் என்கிறான். மாஸ்கோவில் அது காதில் விழுந்து போகிற ஒரு ஊர்ப்பேர். கார்கிவிலேயே, ஆட்சி கைமாறிய வாரத்தில், அதைக் கேட்கிறவர்களுக்கு? சொத்து போகுமா, நிலம் யாருக்கு என்பது அங்கே கதையே இல்லை, வீட்டுக் கவலை.

அப்புறம் இந்தக் கூட்டம் ஜார்ஜியா போய், கப்பலேறி கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்), சோஃபியா, பெல்கிரேட், பிராக், பெர்லின் என்று ஊர் ஊராக அலைந்தது. காட்சித் திரை, உடுப்பு எல்லாவற்றையும் வழியிலேயே புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. பல ஊர்களில் பார்க்க வந்தவர்களில் நிறையப் பேர் நாட்டைவிட்டு ஓடி வந்த ருஷ்யர்கள், நிஜமாகவே தோட்டத்தை இழந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நிப்பெர் அந்தச் சீமாட்டியாக நடிக்கிறார். 1904இல் முதன்முதல் மேடையேறியபோது அவர் நடித்த அதே வேஷம்!

1922இல் பலர் மாஸ்கோ திரும்பினார்கள். சிலர் வெளியிலேயே தங்கிவிட்டார்கள். ‘பிராக் குழு’ என்று பேர் எடுத்தவர்கள் அவர்கள்தான். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தலைமையில் மறுபடி பயணம். பெர்லின், பிராக், பாரிஸ், பிறகு நியூயார்க். எங்கும் கைதட்டல். ஆனால் பெர்லினிலிருந்து அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் பாருங்கள். ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தில் பட்டாளத்து அதிகாரியாக, சகோதரிகளில் ஒருத்தியான மாஷாவிடம் விடைபெறும் கட்டத்தில் நடிக்கவே கூச்சமாக இருக்கிறது என்கிறார். இத்தனை பட்டபிறகு, அதிகாரி ஊரைவிட்டுப் போகிறார் என்பதற்கு அழ முடியவில்லையாம்! சபை அழுகிறது, நடிகருக்கு அழுகை வரவில்லை. எனக்கு இந்த மனிதரைப் பிடிப்பது இதற்காகத்தான்.

நியூயார்க்கில் 1923 ஜனவரி 8ஆம் தேதி ‘ஜார் ஃபியோதர்’ நாடகத்தோடு தொடங்கினார்கள். பெரும்பாலோருக்கு ருஷ்யமொழி தெரியாது. மொழி தெரியாத படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்கிறவர் முகத்தைக் கவனிப்போம் இல்லையா? அமெரிக்க நடிகர்களும் அதைத்தான் கவனித்தார்கள். வசனமே இல்லாதவர்கள்கூட மேடையில் சும்மா நிற்கவில்லை. குழுவைச் சேர்ந்த ஊஸ்பென்ஸ்காயா அங்கேயே தங்கி நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். பின்னால் அமெரிக்காவில் பேர்பெற்ற நடிப்பு ஆசிரியரான லீ ஸ்ட்ராஸ்பெர்க் அவரிடம் படித்தவர்.

சரி, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். உக்ரேனிய நாடகத்துக்குப் பாதி நேரம் என்று நினைத்து வந்தேன்! சுருக்கமாகச் சொல்கிறேன். 1876இல் ஜார் அரசு உக்ரேனிய மொழியில் நாடகம் போடவே தடை விதித்தது. 1881இல் கொஞ்சம் தளர்த்தியதும் க்ரொபிவ்னிட்ஸ்கி என்ற நாடகக்காரர் குழு சேர்த்தார். ஸான்கொவெட்ஸ்கா என்ற நடிகை பெரும்புகழ் பெற்றார். கொத்லியாரெவ்ஸ்கி 1819 வாக்கில் எழுதிய ‘நதால்கா பொல்தாவ்கா’, பாட்டு நிறைந்த நாடகம், கனடாவில் குடியேறிய உக்ரேனிய விவசாயிகளின் ஊர் மன்றங்கள் வரை போயிற்று. அங்கே நடித்தவர்களும் விவசாயிகள், பார்த்தவர்களும் விவசாயிகள். அடுத்த முறை கூப்பிட்டால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். வணக்கம்.