பிரேசில் பிள்ளைகள்: எந்த ஊர், எத்தனை நாள் படகு

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா குழந்தைகளை அவ்வளவாகத் தாக்காது என்று 2020-இல் சொல்லி ஆறுதல் அடைந்தோம். மொத்தக் கணக்கில் அது சரிதான். மருத்துவமனைப் படுக்கைக்கு வந்துவிட்ட பிள்ளைகளின் கணக்கு வேறு. பிரேசிலைப் பாருங்கள்.

கடுமையான மூச்சுத் தொற்றோடு சேர்க்கப்படுவோருக்கு அங்கே நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. 2020 பிப்ரவரி நடுவிலிருந்து 2021 ஜனவரி தொடக்கம் வரை, பரிசோதனையில் கொரோனா உறுதியாகி அதில் ஏறிய 20 வயதுக்குட்பட்டவர்கள் 11,613 பேர். அவர்களில் 886 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்ந்த ஒரு வாரத்துக்குள்ளேயே போய்விட்டார்கள்.

வயதையும் இணைநோய்களையும் சமன்செய்து பார்த்த பிறகும், வளமான தென்கிழக்கைவிட வடகிழக்கில் சாவின் அபாயம் இரண்டு மடங்கு, வடக்கில் ஒன்றரை மடங்கு. பழங்குடிப் பிள்ளைகளுக்கு மூன்று மடங்குக்கும் மேல்.

வடகிழக்கைவிட வடக்கின் எண் குறைவாக இருப்பதை நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். வழியிலேயே இறந்த குழந்தை இந்தக் கணக்கில் வராது. பரிசோதனை வசதி இல்லாத ஊரில் இறந்த குழந்தையும் வராது.

வடக்கில் இருக்கும் அமேசோனாஸ் மாநிலத்தில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தலைநகர் மனாவுஸில் மட்டுமே இருந்தன. ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றிலிருந்து அங்கே வரப் படகில் நாள்கணக்கில் ஆகும். விமானம் கிடைப்பது அதிர்ஷ்டம். 2021 ஜனவரியில் அந்த நகரத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்தது. ஒரு நாள் தேவை 70 ஆயிரம் கனமீட்டரைத் தாண்டியிருந்தது. உள்ளூர் உற்பத்தி அதில் பாதிகூட இல்லை.

இத்தனைக்கும் ஒரு கைக்குழந்தைக்கு வேண்டியது நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு லிட்டர்தான். மோசமான நிலையில் இருக்கும் பெரியவருக்கு 10 முதல் 15 லிட்டர் போகும். ஆனால் அந்த ஒரு லிட்டரைக் கொடுக்கச் சின்ன மூக்குக் குழாய் வேண்டும். குறைந்த ஓட்டத்தைத் துல்லியமாகக் காட்டும் அளவி வேண்டும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில், பெரியவர்களுக்கான கிளிப்பைச் சிசுவின் விரலில் மாட்டினால் அது நழுவும், தவறான எண்ணைக் காட்டும். குழந்தைகளுக்கான சென்சாரைப் பாதத்தில் சுற்ற வேண்டும். சிலிண்டர் இருந்தும் இவை இல்லாத இடத்தில் குழந்தை தவிக்கும்.

கருவியே இல்லாத சுகாதார நிலையத்திலும் ஒன்று செய்யலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது பிழை. குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. அதோடு மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ பால் குடிக்க முடியாமல் போனாலோ படகை உடனே கிளப்ப வேண்டும். உதடு நீலமாகும் வரை பார்த்திருந்தால் மனாவுஸ் எட்டாது.