மாவுக்கட்டும் கைதட்டலும்

[காட்சி: வாளையார் சோதனைச் சாவடிக்கு அருகே ஒரு டீக்கடை; சுவரில் டிவி.]

வணக்கம். தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் அமர்ந்து டீ குடிக்கும் இந்தக் கடையில், நேற்று ஒரு படத்தின் போலீஸ் அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு லாக்கப்புக்குள் நுழைந்தபோது, வடை பொரித்துக்கொண்டிருந்த கடைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இனி உண்மை தானா வரும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வருமா?

[காட்சி: பழைய சென்னை மாகாண வரைபடம்.]

நிலவரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை அளித்தது. மலபார் மாவட்டத்தோடு பாலக்காடும் அன்று அந்த மாகாணத்தில்தான் இருந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கயிற்றால் பிணைத்துவிடும் 'அண்ணாந்தாள்' என்ற நம் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே இடம்பெற்றன. சில ஆண்டுகளில், 1861-இல், போலீசிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இருந்த அதே விதி, இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கைதானவர் சொன்ன இடத்தில் பொருள் கிடைத்தால், அதைப் பற்றிச் சொன்ன பகுதி மட்டும் செல்லும். ஆக, கதாநாயகன் அடித்து வாங்கும் 'உண்மை'க்கு நீதிமன்றத்தில் பெரும்பாலும் மதிப்பே இல்லை. படம் அதற்குள் முடிந்துவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை.

[காட்சி: மலைச்சாலை, மழை.]

நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் கக்கயம் போலீஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே பிடித்து வைத்திருந்தவர்களைப் பெஞ்சில் படுக்கவைத்து, தொடைகளின் மேல் உலக்கையை அழுத்தி உருட்டினார்கள். 'உருட்டல்' என்ற அந்த மலையாளச் சொல்லுக்கு இந்தக் கடையில் மொழிபெயர்ப்பு தேவையில்லை. தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கின் விளைவாக 1977 ஏப்ரலில் கேரள முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். மகனின் உடல் கிடைக்கவேயில்லை.

[காட்சி: கைப்பேசித் திரை.]

இன்று, 'கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்ற ஒற்றை வரியும் மாவுக்கட்டுப் போட்ட கையின் படமும் வருகின்றன. நாம் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறோம். நானும் அனுப்பியிருக்கிறேன். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்து அதற்குக் கட்டுப்பட ஒப்பவில்லை என்பதை யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்ததில்லை.

படம் முடிந்ததும், அடி வாங்கியவன் கடைசியில் என்ன சொன்னான் என்று கடைக்காரரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தார், நினைவில்லை. லத்தி சுழன்ற விதத்தை மட்டும் கரண்டியால் செய்து காட்டினார்.