கெடு தாண்டிய நோட்டுக்கு முழு மதிப்பெண்: கருணையா, கைவிடுதலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெற்றோர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கெடு தாண்டி வந்த நோட்டுக்கும் முழு மதிப்பெண் போட வேண்டும் என்று எதிரணித் தலைவர் அம்மா பேசி முடித்தபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். பள்ளி விட்டதும் கடைக்கு வேலைக்குப் போய், ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிற பையனிடம் "ஏன்டா நோட்டு எழுதலை?" என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். முதலில், நாம் எந்த மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிற ஆசிரியர். எங்கள் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்தப் பத்திலும் வருகைக்கு 2, பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைப்புக்கு, அதாவது அசைன்மென்ட்டுக்கு 2, பாட இணைச் செயல்பாடுகளுக்கு 2. ஒரு மாணவன் சொன்ன நாளில் எழுதிக் கொடுத்தானா என்ற கேள்வி வருவது ஒப்படைப்பின் அந்த 2 மதிப்பெண்ணிலும் செய்முறை ரெக்கார்டு நோட்டிலும்தான். "போயும் போயும் ரெண்டு மார்க்குக்கா இந்தப் பாடு? எல்லாருக்கும் முழுசாப் போட்டுட்டுப் போங்க சார்" என்பதுதான் ஆசிரியர் அறையில் வழக்கமாகக் கேட்கிற பேச்சு. மேலிருந்தும் அதே பேச்சுதான் வரும். ஏனென்றால் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் பாட ஆசிரியர்.

அப்படி எல்லோருக்கும் முழுசாகப் போட்டால் என்ன ஆகிறது? முப்பதும் கைக்கு வந்துவிட்ட மாணவனுக்கு எழுபதில் குறைந்தபட்சமாக வேண்டிய 15 போதும், தேர்ச்சி. எங்கள் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்களே 15 இருக்கின்றன, நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்கள். ஒரு வரிகூட இயற்பியல் எழுதத் தெரியாமல் இயற்பியலில் தேறலாம் என்று பதினேழு வயதுப் பிள்ளைக்கு நாமே கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து பாருங்கள். மேசையில் ரெக்கார்டு நோட்டுகள் மலைபோல் குவிந்திருக்கும். உள்ளே ஜூலை, ஆகஸ்ட் என்று தேதி போட்டிருக்கும், மை மட்டும் நேற்றையது. நிறமாலைமானி சோதனையைத் திறக்கிறேன், முப்பட்டகம் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று தொலைநோக்கி வழியாகப் பார்த்து அளக்கிற சோதனை. முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணம் வகுப்பு முழுக்க ஏறக்குறைய ஒன்றாக வரலாம், அதில் தப்பில்லை. ஆனால் நேர்க்கதிருக்குத் தொலைநோக்கியை நிறுத்தி வெர்னியரில் எடுக்கிற அளவீடு, கருவியை வைத்த நிலையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். அந்த எண் ஐந்து நோட்டில் ஒரு கலைகூட, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்குகூட, மாறாமல் ஒன்றாக இருக்கிறது. ஒருத்தன் கூட்டலில் விட்ட பிழைகூட ஐந்திலும் அதே வரியில் இருக்கிறது. அந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே இல்லை. முப்பட்டகத்தைச் சுழற்றும்போது, ஒளி நுழைகிற பிளவின் பிம்பம் மெல்ல நகர்ந்து, ஓர் இடத்தில் நின்று, வந்த வழியே திரும்புமே, அதைப் பார்த்தவனுக்கு அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது. அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது கையெழுத்தும் முழு மதிப்பெண்ணும். இதைத்தான் எதிரணி கருணை என்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது நடுவர் அவர்களே. ஒப்பேற்றிப் போட்ட மதிப்பெண் ஒப்பேற்றியதாகவே இருந்துவிடாது. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள்? பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, மீதி 30 பிளஸ் டூவின் செய்முறையும் அகமதிப்பீடும். செய்முறை இல்லாத பாடங்களுக்கு அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணை 30 ஆக்கினார்கள். ஆக, அந்தப் பாடங்களில் ஆசிரியர் போட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணும் மூன்றாக எண்ணப்பட்டது. ராத்திரி கண்விழித்து எழுதி, சொன்ன தேதியில் கொண்டுவந்து வைத்த பிள்ளைக்கும் 30, கடைசி நாளில் அதைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கும் 30. அந்த முதல் பிள்ளையைப் பற்றி எதிரணியில் மூன்று பேர் பேசியும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளையாக இருக்கலாமே!

சரி, கடைக்கு வேலைக்குப் போகிற பையனிடம் வருகிறேன்.

என் வகுப்பில் ஒரு நடைமுறை உண்டு. கெடு தேதிக்கு முந்தின நாள் வந்து "சார், முடியலை" என்று சொன்னால் போதும், வேறு தேதி தருவேன், ஒரு மதிப்பெண்ணும் குறையாது. காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாக வந்து சொல்லலாம். தேதி போன பிறகு வந்தாலும் நோட்டை வாங்குவேன், வரி வரியாகத் திருத்தித் தருவேன். ஆனால் 2 போட மாட்டேன், 1 தான். ஏனென்றால் அதற்குள் மற்றவர்களின் நோட்டு திருத்தி வெளியே போயிருக்கும். ரெக்கார்டு என்றால் என் பக்கத்தில் நின்று ஓர் அளவீடாவது எடுத்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

ஒரு மாணவி. நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஒப்படைப்புகள் வரிசையாகத் தவறின. 1 போட்டேன். அழுதாள். உட்கார வைத்துக் கேட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில், தம்பிக்குச் சமைத்துப் போடுவது இவள், வீட்டில் புத்தகத்தைத் தொடவே நேரமில்லை. அன்றிலிருந்து ஆய்வக வேளையிலேயே உட்கார்ந்து எழுதினாள். வகுப்பாசிரியருக்கும் விஷயம் தெரிந்தது, செய்ய வேண்டிய உதவியைச் செய்தார்கள். முதல் தடவையே "பாவம், பிள்ளை" என்று 2 போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரிந்தே இருக்காது. தாமதமாக வருகிற நோட்டு, அந்தப் பிள்ளைக்கு ஏதோ நடக்கிறது என்று நம்மிடம் சொல்ல வருகிறது. முழு மதிப்பெண் போட்டால் நாம் அதைக் கேட்க மறுக்கிறோம். எதிரணி சொல்லும் அந்தக் கடைப் பையனும் இப்படித்தான். அவன் கடைக்குப் போகிறான் என்பதை ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டாமா? தெரிந்தால்தானே ஏதாவது செய்ய முடியும்?

"அப்படியென்றால் இவர் பிள்ளைகளை ஃபெயிலாக்கச் சொல்கிறார்" என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் அந்தக் கட்சி இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம் என்று 2019-இல் அதைத் திருத்தினார்கள். இங்கே தமிழ்நாட்டிலும் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதில் மகிழ்ந்தவன் நான். பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அவனுக்கு எது வரும், எது வராது என்ற உண்மையோடு அனுப்புங்கள். எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண்ணை எழுதி அனுப்பிவிட்டால், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் யாருக்கு எங்கிருந்து தொடங்குவது?

கெடு தவறினால் வெளியுலகம் மன்னிக்காது, அதனால் பள்ளியும் மன்னிக்கக் கூடாது என்று என் அணி நண்பர் ஒருவர் சொன்னார். அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வெளியுலகம் கடுமையாக இருந்தால் பள்ளியும் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. நான் கேட்பது தண்டனை இல்லை. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஆசிரியர் நின்று "என்னப்பா ஆச்சு?" என்று கேட்க வேண்டும், அதற்கு அவருக்கு நேரம் வேண்டும், 1 போட்டால் 1 என்றே இருக்கட்டும் என்று விடுகிற நிர்வாகமும் வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்கள் முழு மதிப்பெண் போட்ட அந்தக் கடைப் பையன் மறுநாள் நோட்டு எழுதினானா? போய்ப் பார்த்தீர்களா? இதற்குப் பதில் வந்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.