பந்தயம் நடக்கும் கரையும் வலை காயும் இடமும்

(உலகச் சுற்றுலா தினத்தையொட்டித் ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கரையோரக் கிராமங்களின் தலைவர்களே, விளையாட்டுத் துறையிலிருந்தும் சுற்றுலாத் துறையிலிருந்தும் வந்திருக்கும் அலுவலர் பெருமக்களே, பாம்பன் பக்கமிருந்து இன்றைக்குக் கடல்பாசி எடுக்கப் போகாமல் பஸ் ஏறி வந்திருக்கும் அக்கா தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் தொடங்கக் கூடாது. கடலுக்குப் போய்விட்ட பையன்களைக் கரைக்கே வந்து காத்திருந்து பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன மனிதர் அவர். அவர் முன்னால் நின்று பேசுவது எனக்குப் பெருமை. மேடையில் இருக்கும் அலுவலர்களுக்கும் நன்றி. இரண்டு துறைகளும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருப்பதே நல்ல தொடக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பெரிய விளையாட்டுப் போட்டிகள் வந்தால் அவை நடக்கும் ஊருக்கும் சுற்றுலாவுக்கும் என்ன ஆகும் என்பது. இதை மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று நினைத்து வந்திருக்கிறேன். ஒன்று வருமானம், இரண்டு கடல், மூன்று நம் பிள்ளைகள்.

வருமானத்துக்குப் போவதற்கு முன் நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஒரு பழமொழி. விருந்தும் மருந்தும் மூன்று நாள். இன்றைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் நின்றது. 2025 ஆகஸ்டில் அதே ஊரில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. நல்ல காரியம்தான், நானும் சந்தோஷப்பட்டேன். அதைப் பார்த்துவிட்டு நம் கரையிலும் ஆசை பிறந்திருக்கிறது. பிரப்பன்வலசையில் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கிப் பழகுகிறார்கள். அரியமானில் கூட்டம் பெருகிவிட்டது. புதிய பாம்பன் பாலமும் 2025-இல் திறந்தாகிவிட்டது. ஆக, நம் கரைக்கும் ஒரு பெரிய போட்டி வரும். வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

வருவதற்கு முன்னால் மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்வோம். கனடாவின் மாண்ட்ரியல் 1976-இல் ஒலிம்பிக் நடத்தியது. போட்டி நடந்தது இரண்டு வாரம். விளையாட்டு அரங்கத்துக்கு வாங்கிய கடன் அடைந்தது 2006-இல். அப்பன் காலத்து விருந்துக்குப் பிள்ளை காலம் வரை வட்டி கட்டினார்கள். பிரேசிலில் அமேசான் காட்டு நடுவே மனாவுஸ் என்ற ஊரில் 2014 உலகக் கோப்பைக்காக 40,000 பேருக்கு மேல் உட்காரும் கால்பந்து அரங்கம் கட்டினார்கள். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது நான்கே ஆட்டம். லண்டனில் 2012 ஒலிம்பிக் நடந்த ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வந்தவர்கள் முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவு. நெரிசலுக்கும் விலைக்கும் பயந்து வழக்கமாக வருபவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பார்சிலோனா மட்டும் 1992 ஒலிம்பிக்கால் செழித்தது. சரி, அதற்குப் பிறகு? வீட்டு வாடகை தாங்காமல் அந்த ஊர்க்காரர்கள் 2024 ஜூலையில் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்துப் போராடினார்கள். வாடகை ஏறுவது நமக்குத் தெரியாததா? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் அறை கேட்டுப் பாருங்கள். ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்குக் கூடும் கூட்டத்தையும் நாம் பார்க்காதவர்களா? பெருங்கூட்டம் நம் ஜில்லாவுக்குப் பழக்கம்தான்.

பழகாதது வேறொன்று. அதைச் சொல்ல ஒரு கதை வேண்டும்.

தொண்டிக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் ஒரு ஊர். சில வருடங்களுக்கு முன் அங்கே பாய்மரப் படகுப் போட்டி. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கரையில் படகுகளை வரிசையாக நிறுத்தி, கொடி அசைந்ததும் பாயை ஏற்றுகிறார்கள். ஒருவன் கடல் தண்ணீரை அள்ளி அள்ளிப் பாய்மேல் அடிக்கிறான், ஈரத் துணி காற்றை விடாமல் பிடிக்கும் என்று. மூன்று பேர் குறுக்கே நீட்டிய பலகையில் கடலுக்கு மேலே தொங்குகிறார்கள். கரையில் விசில், குலவை, ஒலிபெருக்கி. வெளியூரிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கியிருந்தார்கள். மதுரை வண்டி, காரைக்குடி வண்டி எல்லாம் நின்றன.

அந்த நேரத்தில் ஒரு ஆச்சி மைக் செட்டுக்காரரிடம் வந்து நின்றார். கையில் பனையோலைக் கொட்டான். "தம்பி, என் நெத்திலி மேல வேன நிப்பாட்டிட்டாக. சொல்லுப்பா." விடியற்காலையில் மணலைக் கூட்டிப் பெருக்கி வலை விரித்துக் காயப்போட்ட நெத்திலி. பின் சக்கரம் இரண்டும் அதன் மேல். மைக்கில் சொன்னார்கள். "வெள்ளை வேன் டிரைவர் எங்கிருந்தாலும் வரவும்." யாரும் வரவில்லை. மறுபடி சொன்னார்கள். படகுகள் அந்தப் பக்கம் கொடிக் கம்பத்தைச் சுற்றித் திரும்புகின்றன, கூட்டம் கத்துகிறது, டிரைவருக்கு எங்கே கேட்கும்? பிறகுதான் தெரிந்தது, அவர் பந்தயம் பார்க்கத் துணைப் படகில் ஏறிக் கடலுக்கே போய்விட்டார்!

ஆச்சி மைக்கை வாங்கிக்கொண்டார். ஊரே கேட்கச் சொன்னார்: "ஏய்யா, பந்தயம் பாக்க வந்தீகளா, எங்க பொழப்ப மிதிக்க வந்தீகளா?" கரை முழுக்க அமைதி. அடுத்த நிமிடம் ஊர்க் கபடிக் குழுப் பையன்கள் ஓடிவந்தார்கள். பனியனைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஏலேலோ போட்டு வேனின் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்தார்கள். அதற்கு விழுந்த கைத்தட்டல் முதல் பரிசு வாங்கிய படகுக்குக்கூட விழவில்லை. வெளியூர்க்காரர்கள் சிலரே குனிந்து நெத்திலியைப் பொறுக்கிக் கொட்டானில் போட்டார்கள். நசுங்கியது நசுங்கியதுதான்.

அதற்குப் பிறகு ஆச்சி செய்ததைக் கவனியுங்கள். நாலு கம்பு எடுத்துவந்து நாலு மூலையிலும் ஊன்றி, பழைய வலைக் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். அதோடு சரி, ஒரு வண்டி உள்ளே வரவில்லை. அடுத்த வருடப் போட்டிக்கு விழாக் கமிட்டியே முந்தின நாள் வந்து கம்பு ஊன்றிவிட்டது. வண்டிகளைக் கண்மாய்ப் பக்கம் நிறுத்தச் சொன்னார்கள். வந்தவர்கள் ஆச்சியிடமே கருவாடும் வாங்கிப் போனார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள், விருந்தாளி போன பிறகும் நெத்திலி காய வேண்டும் அல்லவா?

இந்த நாலு கம்பைத்தான் நான் சில காலமாக ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரியோ டி ஜெனிரோவில் விலா ஆட்டோட்ரோமோ என்று ஒரு குடியிருப்பு. ஒரு கடற்கழிக் கரையில் மீன்பிடிப்பவர்கள் உண்டாக்கியது. 2016 ஒலிம்பிக் பூங்கா அதன் வாசலுக்கே வந்தது. சுமார் 600 குடும்பம் இருந்த இடத்தில் கடைசியில் மிஞ்சியது 20 குடும்பம். இத்தனைக்கும் அந்த மக்கள் பல்கலைக்கழகத்து ஆட்களோடு உட்கார்ந்து, எங்கள் ஊரும் இருக்கட்டும், உங்கள் பூங்காவும் இருக்கட்டும் என்று சொந்தமாகத் திட்டம் வரைந்து கொடுத்தவர்கள். அவர்கள் கையில் அரசு கொடுத்த பத்திரமும் இருந்தது. நம் கையில் என்ன இருக்கிறது? படகு ஏற்றும் மணல், வலை பின்னும் கொட்டகை, கருவாட்டுக் களம் எல்லாம் வருவாய்த்துறைக் கணக்கில் வெறும் புறம்போக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காலியிடம். காலியிடம் என்று எழுதியிருந்தால் பந்தலும் வரும், பார்க்கிங்கும் வரும், அப்புறம் ரிசார்ட்டும் வரும்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு நடந்தது பாரிஸில் இல்லை, பசிபிக் கடலில் டஹிடித் தீவில். நடுவர்கள் உட்காரப் பவளப்பாறை மேல் புதிய அலுமினியக் கோபுரம் கட்டப்போனார்கள். ஊர் மக்கள் ஊர்வலம் போனார்கள். 2023 டிசம்பரில் சோதனைக்குப் போன மிதவையே பவளத்தை உடைத்தது. எதிர்ப்பால் கோபுரத்தைச் சின்னதாக்கினார்கள், வீரர்களை ஒரு கப்பலில் தங்கவைத்தார்கள். எதிர்த்த ஊரில்தான் போட்டி நன்றாக நடந்தது. நம்மிடம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் இருக்கின்றன. 1986-இலிருந்து அது தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் 2022-இல் கடல்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகாதே என்று நம் அக்காமார்களுக்குச் சொல்லப்பட்ட சட்டம், பந்தயப் படகுக்கும் பொருந்த வேண்டும். இதை அலுவலர்கள் முன்னால் மரியாதையோடு சொல்கிறேன்.

நான் கேட்கும் நாலு கம்பு, நம் கரையை அளந்து எழுதிவைப்பதுதான். இந்தக் கோரிக்கை புதியது இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களையும் மீன் உலர்த்தும் இடம் உள்ளிட்ட பொதுச் சொத்துகளையும் வரைபடத்தில் காட்டச் சொல்கிறது. 2019-இல் வந்த அறிவிக்கையும் அதைக் கைவிடவில்லை. சட்டம் சொல்லிவிட்டது, யார் போய் அளந்து காட்டுவது? நாம்தான். வாலிநோக்கத்திலிருந்து தொண்டி வரைக்கும் ஒவ்வொரு ஊரும் தன் கரையை அளந்து, எது படகுத்துறை, எது களம், மழைக்காலத்தில் படகை எதுவரை ஏற்றுகிறோம் என்று எழுதி வைத்துவிட்டால், நாளைக்கு எந்தப் போட்டி வந்தாலும் அவர்கள் நம்மிடம் கேட்டுத்தான் பந்தல் போடுவார்கள். பந்தல் போடும் வேலையும் சோறாக்கும் வேலையும் துணைப்படகு வாடகையும் நமக்கே வரும்படி பேசலாம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று தெரிந்தவர்கள், நாலாம் நாளைப் பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேச ஆசை. 1994-இல் குற்றாலீஸ்வரன் என்ற சிறுவன் தலைமன்னார்ப் பக்கமிருந்து பாக் நீரிணையை நீந்தி வந்ததை இந்தக் கரை மறக்காது. நம் பிள்ளைகளுக்கு நீச்சல் குளமும் பயிற்சியாளரும் வேண்டும். தலைவர் ஐயா நேரத்தைக் காட்டுகிறார், அதை விளையாட்டுத்துறை அலுவலர் பேசுவார்.

வரும் அக்டோபர் 2 கிராமசபை. உங்கள் ஊர்க் கரைக்கான தீர்மானத்தை அன்றைக்கே கொண்டுவாருங்கள். தீர்மானப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. தம்பிமார் இருவர் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள். சர்வே எண் தெரியாதவர்கள் கரையை ஒட்டிய ஏதாவது ஒரு வீட்டுப் பட்டா நகலைக் கொண்டுவந்தால் போதும், அதை வைத்துப் பக்கத்து எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பெண்கள் தனியாகக் கையெழுத்துப் போட இரண்டாவது தாள் இணைத்திருக்கிறோம், அதை விட்டுவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.