ஆறு குரல்களும் ஒரு பழைய பாட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வாத்தியமே இல்லாமல் பாடும் இன்றைய குழுக்களைக் கேட்கிறவர்கள், வாயாலேயே டிரம்ஸ் வாசிக்கும் சாமர்த்தியத்தில்தான் முதலில் மயங்குகிறார்கள். மயங்கட்டும். ஆனால் அந்தக் கலையின் வேர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இருக்கிறது. வாத்தியமில்லாமல் பாடும் அமெரிக்கக் குழுவான ‘டேக் சிக்ஸ்’ஸை வைத்து இதைச் சொல்லலாம்.

1980. அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில், ஏழாம் நாள் அட்வெந்து சபையினர் நடத்தும் ஓக்வுட் கல்லூரி. கிளாட் மெக்நைட் என்ற மாணவர் நால்வர் குழு ஒன்றைத் தொடங்கினார். அவர்கள் குளியலறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அதைக் கேட்ட மார்க் கிபிள் உள்ளே நுழைந்து ஐந்தாவது குரலாகச் சேர்ந்துகொண்டார். பிறகு அவரே மெர்வின் வாரனையும் அழைத்து வந்தார். ஆறு பேர் ஆயிற்று.

இந்த ஆறு என்ற எண்ணிக்கையில் விஷயம் இருக்கிறது. நான்கு குரல்களால் நான்கு சுரங்களைத்தான் ஒரே நேரத்தில் நிறுத்த முடியும். ஆறு குரல்கள் இருந்தால், ஜாஸ் பியானோக்காரர் இரண்டு கைகளாலும் பிடிக்கும் நெருக்கமான ஹார்மனியை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இசைவை, தொண்டையாலேயே கொண்டுவந்துவிடலாம். 1988இல் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தொகுப்பு இதைத்தான் செய்தது. மறு ஆண்டு காஸ்பல் என்னும் கிறிஸ்தவ பக்தி இசை, ஜாஸ் என்ற இரண்டு பிரிவுகளிலும் அவர்களுக்கு கிராமி விருது கிடைத்தது.

அந்தத் தொகுப்பில் ‘மேரி’ என்றொரு பாட்டு உண்டு. அழாதே மரியாளே, பார்வோனின் சேனை மூழ்கிவிட்டது என்று அடிமைக் காலத்து மக்கள் பாடிய பாட்டின் புது வடிவம் அது. பைபிளில் இஸ்ரவேல் மக்களை அடிமைப்படுத்திய எகிப்து அரசன் பார்வோன். பார்வோன் என்று அவர்கள் யாரை நினைத்துப் பாடினார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்ற கறுப்பினக் குழுவினர் அந்தப் பழைய பாட்டை 1915இல் பதிவு செய்தார்கள். 1959இல் ஸ்வான் சில்வர்டோன்ஸ் என்ற காஸ்பல் குழுவினர் பாடினார்கள். அக்குழுவை உருவாக்கிய கிளாட் ஜீட்டர், மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். பாட்டின் நடுவே அவர் தாமாகச் சேர்த்துப் பாடிய ஒரு வரிதான், அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் உலகப் புகழ்பெற்ற பாட்டு ஒன்றுக்கு வித்தானது.

ஜீட்டர் குரலை உச்சியில் ஏற்றிவிட்டு இஷ்டம்போல் அலைவார். மற்றவர்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தளம் அமைத்துக் கொடுப்பார்கள். அடிக்குரல்காரர் தாளத்தையும் சேர்த்துச் சுமப்பார். டேக் சிக்ஸிடம் இந்த வேலைப் பங்கீடு அப்படியே இருக்கிறது, ஹார்மனிதான் அடர்ந்திருக்கிறது. அவர்களைப் பார்த்துப் பாடக் கிளம்பிய பல குழுக்கள் அடர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டன என்பது என் குறை. சுரங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஜீட்டரைப்போல் முன்னால் நின்று கூப்பிடுகிறவர் எவருமில்லை.

என் வேண்டுகோளை ஏற்று, நிலையத்தார் இரண்டு பதிவுகளையும் ஒலிபரப்ப இசைந்திருக்கிறார்கள். முதலில் 1959, அடுத்து 1988. ஜீட்டரை எப்படியும் கேட்டுவிடுவீர்கள். அவருக்குப் பின்னால் பாடுகிறவர்களிடமும் சற்றுக் காது கொடுங்கள்.