கொதிக்கிற பானைக்கு எதற்குக் கூடுதல் தீ?

நேயர்களுக்கு வணக்கம். தண்ணீர் உறைவதும் உருகுவதும் ஆவியாவதும் பள்ளிக்கூடப் பாடம்தானே, அதில் வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பாடம் பழசுதான். ஆனால் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கின பிள்ளைகள் இருக்கிற வீட்டிலும், களிக்கு உலை கொதித்த பிறகு கேஸ் அடுப்பு முழு வீச்சில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் அடுப்படியிலேயே தொடங்குகிறேன்.

களிப்பானையில் தண்ணீர் வைத்து ஒரு கைப்பிடி நொய்யும் போட்டாயிற்று. முதலில் பானை ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டும். அது ஆவி இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. கொஞ்ச நேரத்தில் பானை ‘ங்ஙொய்’ என்று இரைய ஆரம்பிக்கும். அடியில் உண்டாகிற ஆவிக்குமிழி மேலே ஏறும்போது, இன்னும் சூடேறாத தண்ணீரில் பட்டுச் சட்டென்று சுருங்கி மறுபடி தண்ணீராகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான குமிழிகள் அப்படி அமுங்குகிற சத்தம்தான் அந்த இரைச்சல். இரைச்சல் அடங்கித் தளதளவென்று கொதி வந்துவிட்டால், அடியிலிருந்து மேல்மட்டம் வரை ஒரே சூடு என்று அர்த்தம்.

எவ்வளவு சூடு? 100 டிகிரி என்பீர்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். தருமபுரியில் 98½ பக்கம், ஓசூரில் 97 பக்கம் வந்தாலே தண்ணீர் கொதித்துவிடும். திறந்த பானையில் துவரம்பருப்பு ஓசூரில் வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிப்பது இதனால்தான். பருப்பின் மேல் பழி போட வேண்டாம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வந்தது. கொதி வந்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தண்ணீரின் சூடு கூடாது. அரை டிகிரி கூடக் கூடாது. கூடுதல் தீ செய்வது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரைச் சீக்கிரம் ஆவியாக்கி ஓட்டுக்கு அனுப்பும். அது சும்மா போவதில்லை. 28 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, நல்ல பர்னர் இருந்தால் 10 கிராம் கேஸ் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய 75 கிராம் வேண்டும். ஏழு மடங்குக்கு மேல்! களிக்கு மாவைக் கொட்டிக் குவித்து, துடுப்பால் நடுவில் ஒரு குழி போட்டு மூடிவிட்டால், அப்புறம் சிறுதீயே போதும். மாவு வேகத் தேவையான சூடு கொதிநிலைக்குக் கீழேயே கிடைத்துவிடும். பெருந்தீ வைத்தால் உலை பொங்கி வழியும், அடி பிடிக்கும், தண்ணீர் குறைந்து களி கெட்டியாகிக் கிண்டுகிறவர் கைதான் வலிக்கும்.

குக்கரும் இப்படித்தான். விசில் என்பது பருப்பு வெந்த அடையாளம் இல்லை. தேவைக்கு மேல் உண்டான ஆவி வெளியே போகிற சத்தம். உள்ளே அழுத்தம் ஏறியதால் கொதிநிலையே 120 டிகிரி பக்கம் போயிருக்கிறது. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து நேரத்தைக் கணக்கு வையுங்கள். அழுத்தம் இறங்குமுன் மூடியைத் திருகாதீர்கள். உள்ளிருக்கும் தண்ணீர் 100-க்கு மேல் சூடாக இருப்பதால், அழுத்தம் போன அந்த நொடியிலேயே கொதித்துப் பீறிடும்.

சரி, சூடு ஏறாமல் அந்தத் தீயெல்லாம் எங்கே போகிறது? இதைக் கேட்டு விடை கண்டவர் ஜோசப் பிளாக். 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். அவர் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, இன்னொன்றில் அதே எடைக்கு உறையும் தறுவாயில் இருந்த தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணி நேரத்தில் நாலு டிகிரி ஏறிவிட்டது. பனிக்கட்டி உருகி அதே சூட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பத்தரை மணி நேரம். கூடம் ஒன்றுதான், காற்று ஒன்றுதான். அத்தனை மணி நேரமும் அறையின் வெப்பம் அந்தக் குடுவைக்குள் போய்க்கொண்டேதான் இருந்தது. ஆனால் அது சூட்டை ஏற்றப் போகவில்லை, கட்டியை உருக்குவதிலேயே செலவாகியிருக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடியைத் தளர்த்துகிற வேலைக்கான செலவு அது. இதைத்தான் பாடப்புத்தகம் உள்ளுறை வெப்பம் என்கிறது.

கணக்கு இதுதான். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி. உருகிய தண்ணீரை 0-விலிருந்து 100 வரை சூடேற்ற 100 கலோரி. அதை ஆவியாக்க 540 கலோரி. மறுபடி சொல்கிறேன், 80, 100, 540. அதே பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்த ஜேம்ஸ் வாட், ஒரு பங்கு நீராவி ஆறு பங்கு குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடுவதைப் பார்த்துத் திகைத்துப் பிளாக்கிடம்தான் விளக்கம் கேட்டார். நம் இட்லிப் பானையில் நடப்பதும் அதுவே. ஆவி மாவின் மேல் பட்டுத் தண்ணீராகும்போது, வாங்கிய 540-ஐயும் அங்கே இறக்கிவைக்கிறது, இட்லி வேகிறது. கையில் பட்டால் கைக்கும் அதே கதிதான். வெந்நீர் பட்டதை விட ஆவி பட்ட புண் மோசமாக இருப்பது இதனால். மூடியை உங்கள் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் சாய்த்துத் திறங்கள்.

இடையில் ஒன்று. பானைக்கு மேலே வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஆவி இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்து பொடித்துளி ஆனதைத்தான் பார்க்கிறோம். ஒகேனக்கலில் அருவிக்கு மேல் எழுகிற புகையும் துளிதான். என்ன, இங்கே ஆவி குளிர்ந்து துளியானது. அங்கே தண்ணீர் பாறையில் மோதித் துளியாகச் சிதறியது.

இந்த உள்ளுறை வெப்பத்தைத் தினமும் கையாளுகிறவர்கள் வெல்லம் காய்ச்சுகிறவர்கள். கடத்தூர், பாலக்கோடு பக்கம் கரும்பாலைக் கொட்டகையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கரும்புச் சாற்றில் 100-க்கு 80 பங்கு தண்ணீர். கொப்பரையில் ஊற்றிச் சுண்ணாம்புத் தெளிவு விட்டு, கொதி வருமுன் மேலே திரள்கிற அழுக்கை அரித்தெடுப்பார்கள். நுரை பொங்கினால் சில சொட்டு எண்ணெய் விடுவார்கள், அடங்கிவிடும். பிறகு வெகுநேரம் சாறு 100-ஐ ஒட்டியே நிற்கும். எவ்வளவு சக்கை தள்ளினாலும் ஆபத்தில்லை. வருகிற தீயையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஆவியாகப் போகிறது. ஆபத்து கடைசியில்தான். தண்ணீர் குறையக் குறைய, தீயை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. 105, 110 என்று சூடு விறுவிறுவென ஏறும். 118 வாக்கில் பதம். பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் உருண்டு நிற்க வேண்டும். அதற்குச் சற்று முன்பே சக்கை போடுவதை நிறுத்தியாக வேண்டும். தாண்டினால் பாகு கருகிக் கசக்கும். முந்தி இறக்கினால் வெல்லம் இளகி அச்சில் நிற்காது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் பழகின கை அதைவிடப் பிந்துவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெல்லத்துக்கு நல்லதாக இருக்கிற இதே சங்கதி குடிதண்ணீரில் நமக்கு எதிரி. தண்ணீர் ஆவியாகப் போகும்போது கரைந்திருக்கிற உப்பு கூடப் போவதில்லை, பானையிலேயே தங்கிவிடும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்குழாய்த் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு என்கிற உப்பு இருப்பது தெரிந்ததே. காய்ச்சிக் குடித்தால் அது போய்விடும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு கூடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீர் 10 லிட்டரைக் காய்ச்சி 8 லிட்டர் ஆக்கினால் அது 2½ ஆகிவிடும். இந்தியத் தரநிர்ணயத்தின் மேல்வரம்பே 1½தான். ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சுத்தமான தண்ணீர் கிடைக்கும், உண்மைதான். ஆனால் லிட்டருக்கு 75 கிராம் கேஸ் என்று சொன்னேனே, வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துவைக்க, கழுவ இருக்கட்டும்.

மண்பானைக்கு வருகிறேன். கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானைத் தண்ணீரிடமிருந்தே எடுக்கிறது. நூற்றில் ஒரு பங்கு ஆவியானால் மீதி 6 டிகிரி வரை குளிரலாம். பெயின்ட் அடித்த பானை குளிராது. உப்பு படிந்து துளை அடைத்த பானையும் குளிராது. தேங்காய் நாரால் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நிழல் வேண்டும், காற்றும் வேண்டும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் எந்தப் பானையும் பெரிதாகக் குளிராது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆலங்கட்டி மழையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓரிரு வரியில் முடிக்கிறேன். கோடை வெப்பத்தில் மேலேறுகிற ஈரக்காற்று குளிர்ந்து துளியாகும்போது அந்த 540-ஐ விடுவிக்கிறது. அதில் காற்று இன்னும் சூடாகி இன்னும் வேகமாக ஏறுகிறது. 5 கிலோமீட்டருக்கு மேலே, பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கிற துளிகள் பனித்துணுக்கில் பட்டதும் உறைந்து ஒட்ட, துணுக்கு ஆலங்கட்டியாகப் பருக்கிறது. காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் மாந்தோப்பில் விழுகிறது. அடிபட்ட மாங்காயை அன்றைக்கே தனியாகப் பிரித்துவிடுங்கள். காயம் பட்ட இடத்தில்தான் அழுகல் தொடங்கும்.

பிரீசரில் பாட்டில் வைக்கிறவர்களுக்கு ஒன்று: உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பருக்கும். பத்தில் ஒரு பங்குக்கு மேலாகவே காலியாக விட்டு மூடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். நன்றி, வணக்கம்.